உவர்மண்ணும் அமிலத் துளியும்

மதுரை மாநகரைச் சூழ்ந்த சமவெளியிலே கோடைக் காலத்தில் நடந்து செல்வோர் ஒரு காட்சியைக் காணலாம். நீர் வற்றிய கண்மாய்களின் ஓரங்களிலும், பயிர் ஏறாத தாழ்நிலங்களிலும் மண்ணின் மேற்பரப்பு வெண்ணிறமாய்ப் பூத்திருக்கும். அம்மண்ணை நீரிற் குழைத்து விரல்களுக்கிடையே தேய்த்தால் வழுவழுப்பாக இருக்கும். உழவர் அதனை உவர் என்றும் களர் என்றும் கூறி வெறுப்பர். அந்நிலத்தில் விதைத்த விதை முளைப்பதரிது. ஆயினும், உழவர் வெறுத்த அம்மண்ணை முற்காலத்தில் வேறு இருவகைத் தொழிலாளர் விரும்பித் தேடிச் சென்று கூடை கூடையாக வாரிக்கொண்டு வந்தனர். அவருள் ஒருவர் ஆடை வெளுப்போர். மற்றொருவர் நூலுக்குச் சாயம் ஏற்றுவோர்.

உவர்மண்ணின் பெருமை அதில் அடங்கியுள்ள காரத்தினால் வந்ததாகும். சோடியம் கார்பனேட்டு என்னும் காரப்பொருள் அதில் கலந்திருக்கிறது. நிலத்தடி நீர் மேலே கசிந்து ஏறி, வெயிலின் வெம்மையால் ஆவியாகும்போது, நீரிற் கரைந்திருந்த உப்புக்கள் மண்ணின் மேலே தங்கிவிடுகின்றன. வெண்ணிறப் பூப்பு அவ்வாறு தோன்றுவதே. சோப்பு மலிவாய்க் கிடைக்காத காலத்தில், ஆடைகளை உவர்மண் கரைத்த நீரில் தோய்த்து, பெரிய பானைகளில் அடுக்கி, நீராவியில் வேகவைப்பர். இதற்கு வெள்ளாவி என்று பெயர். காரம் அழுக்கில் உள்ள எண்ணெய்ப் பசையை இளக்கிவிடுதலால், ஆற்றுநீரில் அலசியவுடன் ஆடை வெளுத்துவிடும்.

சாயத் தொழிலில் உவர்மண் ஆற்றிய பணி இதனினும் நுட்பமானது. நாயக்க மன்னர் காலத்தில் மதுரையிற் குடியேறிய சௌராட்டிர மக்கள் நெசவிலும் சாயமேற்றுவதிலும் தேர்ந்தவர்கள். துணியிற் சிறு சிறு முடிச்சுக்களை இட்டுச் சாயத்தில் தோய்த்துப் புள்ளிக் கோலம் வருவிக்கும் சுங்குடிச் சேலை அவர்களுடைய கைத்திறத்தால் புகழ் பெற்றது. பருத்தி நூலில் நீங்காத செந்நிறம் ஏற்றுவது எளிய செயலன்று. தென்னாட்டார் அந்நிறத்தைச் சாயவேர் என்னும் சிறு செடியின் வேரிலிருந்து எடுத்து வந்தனர். 1868ஆம் ஆண்டில் செருமானிய அறிஞர்களான கிரேபே, லீபர்மான் என்னும் இருவர் அலிசரின் என்னும் செஞ்சாயத்தை ஆய்வுக்கூடத்திலேயே ஆக்கிக் காட்டினர். அதன்பின் வேர்ச்சாயத்தின் இடத்தைச் செயற்கைச் சாயம் பற்றிக்கொண்டது. சாயம் மாறினாலும் முதற் செய்கை மாறவில்லை. எண்ணெயையும் உவர்மண்ணின் தெளிநீரையும் கலந்து, பால் போன்ற அக்கலவையில் நூலைத் தோய்ப்பதும், வெயிலில் உலர்த்துவதும், மீண்டும் தோய்ப்பதுமாகப் பல முறை செய்த பின்னரே நூல் சாயத்தை ஏற்கும் பக்குவம் அடையும்.

இங்கே ஓர் இடர்ப்பாடு எழுகின்றது. எல்லா உவர்மண்ணும் ஒரே தன்மையுடையதன்று. ஒரு கண்மாய்க் கரையின் மண்ணில் காரம் மிகுந்திருக்கும். மறு கரையின் மண்ணில் குறைந்திருக்கும். மழைக்கு முன் எடுத்த மண்ணின் காரம் மழைக்குப் பின் கரைந்தோடிவிடும். காரம் குறைந்தால் எண்ணெய் நீரோடு நன்கு கலவாது. நூல் முழுதும் நிறம் சீராக ஏறாது. காரம் மிகுந்தாலோ பட்டு முதலிய மெல்லிய இழைகள் நலிவடையும். தோய்ப்பவரின் கைத்தோலும் புண்படும். ஒரு குடும்பத்தின் பல நாள் உழைப்பு ஒரு தாழி நீரின் தன்மையைப் பொறுத்து நின்றது.

தேர்ந்த தொழிலாளர் இவ்விடர்ப்பாட்டைத் தம் அனுபவத்தால் வென்றனர். விரல்களுக்கிடையே காரநீரைத் தேய்த்து வழுவழுப்பை உணர்ந்து பக்குவம் கூறுவதும், எண்ணெயோடு அது கலக்கும் தோற்றத்தைக் கண்டு அறிவதும் பல்லாண்டுப் பழக்கத்தால் வரும் திறன்களாகும். அத்திறனைப் போற்றாதிருத்தல் தகாது. எனினும் அதற்கு ஒரு குறையுண்டு. ஒருவர் விரல் அறிந்ததை மற்றொருவர் விரலுக்கு எடுத்துரைக்கச் சொற்கள் இல்லை. இன்றைய நீர் நேற்றைய நீரைவிட எத்தனை பங்கு வலிது என்று கேட்டால், அதற்கு விடை கூற ஓர் எண் வேண்டும். அவ்வெண்ணைத் தருவதே வேதியியலில் தரம்பார்த்தல் எனப்படும் முறையாகும்.

இம்முறை தோன்றிய வரலாறும் வெளுப்புத் தொழிலோடு தொடர்புடையது என்பது வியப்புக்குரியது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து நாட்டில் சணல்நார்த் துணிகளை வெளுப்போர் மரச்சாம்பலிலிருந்து கிடைக்கும் காரத்தைப் பயன்படுத்தினர். மதுரையாரின் உவர்மண்ணைப்போல அச்சாம்பற் காரமும் ஒரே தரத்தில் கிடைக்கவில்லை. பிரான்சிஸ் ஹோம் என்னும் மருத்துவர் 1756ஆம் ஆண்டில் ஒரு வழி கூறினார். காரத்தை நிறுத்து எடுத்துக்கொண்டு, நீர்த்த நைட்ரிக் அமிலத்தைத் தேக்கரண்டி தேக்கரண்டியாக ஊற்ற வேண்டும். நுரைத்துப் பொங்குதல் அடங்கும்வரை எத்தனை கரண்டி செலவாயிற்று என்று எண்ண வேண்டும். மிகுதியான கரண்டிகளை வேண்டிய காரமே வலிமை மிக்கது. இதுவே அவர் கூறிய வழி. அளவுக் கருவி தேக்கரண்டியே ஆயினும், பின்னாளில் வளர்ந்த பெரிய கலைக்கு வித்து அதில் இருந்தது. பிரெஞ்சு நாட்டு ரூவான் நகரில் வாழ்ந்த தெக்ரவாசில் என்பவர் 1806ஆம் ஆண்டில் காரத்தை அளப்பதற்கென்றே கோடிட்ட கண்ணாடிக் குழாய் ஒன்றை விவரித்தார். கே-லுசாக் என்னும் அறிஞர் பியூரெட், பிப்பெட் என்னும் பெயர்களை இக்கருவிகளுக்கு வழங்கினார். செருமானியரான மோர் 1855ஆம் ஆண்டில் இக்கலையைத் தொகுத்துப் பெருநூலாக வெளியிட்டார்.

இம்முறையின் உட்கருத்தை ஒரு துலாக்கோலைக் கொண்டு விளக்கலாம். கடைக்காரர் ஒரு தட்டில் எடை தெரியாத பண்டத்தையும், மறு தட்டில் எடை தெரிந்த படிக்கற்களையும் இடுகிறார். முள் நடுவில் நின்றவுடன், கற்களின் எடையே பண்டத்தின் எடை என்று அறிகிறார். தரம்பார்த்தலில் பண்டம் காரம். படிக்கல் வலிமை தெரிந்த அமிலம். அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்து, உப்பும் நீருமாக மாறும் இயல்புடையவை. கார்பனேட்டாயின் கரியமில வாயுவும் உடன் வெளிப்படும். ஒரு குறிப்பிட்ட அளவு காரத்தை முறிக்க ஒரு குறிப்பிட்ட அளவு அமிலமே வேண்டும். கூடவும் வேண்டா, குறையவும் ஆகாது. ஆதலின் செலவான அமிலத்தை அறிந்தால், இருந்த காரம் தானே புலப்படும்.

துலாக்கோலுக்கு முள் இருப்பதுபோல, இங்கே சமநிலையை அறிவிக்க ஒரு பொருள் வேண்டும். அமிலமும் காரமும் பெரும்பாலும் நிறமற்ற நீர்களாதலின், ஒன்று முடிந்து மற்றொன்று மிகும் கணத்தைக் கண் அறியாது. அக்கணத்தில் நிறம் மாறி அறிவிக்கும் பொருளுக்கு நிறங்காட்டி என்று பெயர். நிறங்காட்டி தமிழர் இல்லங்களுக்குப் புதியதன்று. மணமக்களுக்கு ஆலம் சுற்றும்போது, மஞ்சள் கரைத்த நீரில் சிறிது சுண்ணாம்பைச் சேர்த்தவுடன் அந்நீர் குருதிபோற் சிவப்பதை அனைவரும் கண்டிருப்பர். சுண்ணாம்பு காரம், மஞ்சள் அதனைக் காட்டிக் கொடுக்கும் நிறங்காட்டி. அச்செந்நீரில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் மீண்டும் மஞ்சள் நிறம் திரும்பும். ஆலத் தட்டில் நிகழும் இம்மாற்றமே ஆய்வுக்கூடத்திலும் நிகழ்கிறது. ஆயினும் மஞ்சளின் நிறம் சிறிது சிறிதாக மாறுவதால், ஒரு துளியின் வேறுபாட்டைக் காட்டும் கூர்மை அதற்கில்லை. ஆதலின் பினால்ப்தலீன், மெத்தில் ஆரஞ்சு முதலியவற்றை வேதியியலார் கையாளுகின்றனர்.

எந்தக் காரத்திற்கு எந்த நிறங்காட்டி என்பதையும் ஆராய்ந்தே கொள்ளல் வேண்டும். சோடியம் கார்பனேட்டு அமிலத்தோடு இரண்டு படிகளில் வினைபுரிகிறது. முதற்படியில் அது பைகார்பனேட்டாக மாறும். இரண்டாம் படியிலேயே முழுதும் முறியும். பினால்ப்தலீனின் இளஞ்சிவப்பு முதற்படி முடிந்தவுடனே மறைந்துவிடும். அதனை நம்பி அமிலத்தை நிறுத்துவோர், உள்ள காரத்திற் பாதியையே அளந்தவராவர். மெத்தில் ஆரஞ்சோ காரத்தில் மஞ்சளாக இருந்து, இரண்டாம் படி முடியும்போது செம்மஞ்சளாக மாறும். உவர்மண்ணின் காரத்தை முழுதும் அளப்பதற்கு அதுவே ஏற்றதாகும்.

இனி, படிக்கல்லைப்பற்றிக் கூறவேண்டும். எடைக்கல் பிழையானால் நிறுத்தது எல்லாம் பிழையாகும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் புட்டியை நம்பி அதன் வலிமையைக் கொள்ளுதல் இயலாது. அவ்வமிலம் காற்றில் ஆவியாகிச் சிறிது சிறிதாகக் குறையக்கூடியது. ஆதலால் முதலில் அமிலத்தையே சோதிக்க வேண்டும். தூய சோடியம் கார்பனேட்டைச் சூடாக்கி, ஈரம் போக்கி, 1.325 கிராம் நிறுத்து, வாலை வடித்த நீரிற் கரைத்து, 250 மில்லிலிட்டராக ஆக்கினால், அஃது ஒரு லிட்டருக்கு 5.3 கிராம் கொண்ட கரைசலாகும். சோடியம் கார்பனேட்டின் சமான எடை 53 ஆதலின், அக்கரைசலின் வலிமை 0.1 நார்மல் எனப்படும். நிறுத்து எடுத்த இக்கரைசலைத் திட்டக் கரைசல் என்பர். உயர்நிலைப் படிப்பில் இந்நாளில் மோலார் என்னும் அளவே பெரிதும் வழங்கினும், அமில காரக் கணக்கிற்கு நார்மல் என்னும் அளவு எளிதாக அமைகின்றது.

செய்முறை பின்வருமாறு அமையும். பியூரெட் என்பது அடியில் திறப்பும் பக்கத்தில் கோடுகளும் உடைய நீண்ட கண்ணாடிக் குழாய். அதனை நீராற் கழுவி, பின் உள்ளே இடப்போகும் அமிலத்தாலேயே ஒரு முறை அலசி, அமிலத்தால் நிரப்ப வேண்டும். முனையில் காற்றுக் குமிழி நின்றால் அதனைப் போக்கிவிட வேண்டும்; இல்லையேல் வெளியேறும் குமிழியும் அமிலமாகவே எண்ணப்படும். பிப்பெட் என்பது ஒரே ஓர் அளவை மட்டும் எடுத்துத் தரும் குழாய். அதனைக் காரக் கரைசலால் அலசி, 20 மில்லிலிட்டர் எடுத்துக் கூம்புக் குடுவையில் விட வேண்டும். முன்னாளில் வாயால் உறிஞ்சி எடுக்கும் வழக்கம் இருந்தது. அது தீங்கு பயப்பதாதலின் இக்காலத்தில் ரப்பர்க் குமிழைப் பொருத்தி எடுக்கின்றனர். கூம்புக் குடுவையைமட்டும் காரத்தால் அலசுதல் கூடாது. வெறும் நீரால் கழுவினாலே போதும். குடுவையில் எஞ்சிய நீர்த்துளிகள் காரத்தின் செறிவைக் குறைக்குமேயன்றி அதன் மொத்த அளவை மாற்றமாட்டா. காரத்தால் அலசினாலோ, அளவிற் சேராத காரம் உட்புகுந்து கணக்கைக் கெடுத்துவிடும். இவ்வேறுபாட்டை உணர்ந்தவரே செய்முறையின் பொருளை உணர்ந்தவராவர்.

குடுவையில் இரண்டு துளி மெத்தில் ஆரஞ்சு இட்டு, இடக்கையால் பியூரெட்டின் திறப்பை மெல்லத் திருப்பி, வலக்கையால் குடுவையைச் சுழற்றிக்கொண்டே அமிலத்தை விடுதல் வேண்டும். அமிலம் விழும் இடத்தில் நிறம் மாறி மறையும். மறையத் தாமதமாகும்போது முடிவு அண்மையில் உள்ளது என அறிந்து, துளித்துளியாக விட வேண்டும். ஒரு துளி விழுந்து, சுழற்றிய பின்னும் செம்மஞ்சள் நிறம் மறையாது நின்றால் அதுவே முடிவு நிலை. உடனே திறப்பை மூடி, நீர்மட்டத்தின் வளைவுக்கு நேராகக் கண்ணை வைத்து, வளைவின் அடிப்பகுதி எந்தக் கோட்டிற் படிகிறது என்று பார்த்துக் குறிக்க வேண்டும். மேலிருந்து நோக்கினால் ஓர் எண்ணும், கீழிருந்து நோக்கினால் வேறோர் எண்ணும் தோன்றும்.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைக் காண்க. 20 மில்லிலிட்டர் திட்டக் கரைசலை முறிக்க 16 மில்லிலிட்டர் அமிலம் செலவாயிற்று எனக் கொள்வோம். கார அளவையும் அதன் வலிமையையும் பெருக்கிய தொகை, அமில அளவையும் அதன் வலிமையையும் பெருக்கிய தொகைக்குச் சமமாகும். இருபதைப் புள்ளி ஒன்றால் பெருக்க 2 வரும். அதனை 16ஆல் வகுக்க, அமிலத்தின் வலிமை 0.125 நார்மல் என்று விளங்கும். இவ்வாறு படிக்கல் சரிபார்க்கப்பட்டது.

பின்னர் 50 கிராம் உவர்மண்ணை வாலை வடித்த நீரிற் கரைத்து, வடிகட்டி, மண்ணை மீண்டும் அலசி, தெளிநீரை 250 மில்லிலிட்டராக ஆக்கினர் எனக் கொள்வோம். அதில் 20 மில்லிலிட்டரை முறிக்க அவ்வமிலம் 12.8 மில்லிலிட்டர் செலவாயிற்று. 12.8ஐ 0.125ஆல் பெருக்க 1.6, அதனை 20ஆல் வகுக்க 0.08. ஆகவே காரநீரின் வலிமை 0.08 நார்மல். அதனை 53ஆல் பெருக்கினால், லிட்டர் ஒன்றுக்கு 4.24 கிராம் சோடியம் கார்பனேட்டு என்று வரும். கால் லிட்டரில் 1.06 கிராம். அத்துணையும் 50 கிராம் மண்ணிலிருந்து வந்ததாதலின், நூறு கிராம் மண்ணில் 2.12 கிராம் காரம் உள்ளது என்பது முடிவு. உவர்மண்ணில் பைகார்பனேட்டும் சிறிது கலந்திருக்குமாதலின், மொத்தக் காரத்தைச் சோடியம் கார்பனேட்டாகக் கணித்த அளவு இது என்று குறித்தல் முறையாகும். விரல் உணர்ந்த வழுவழுப்பு இப்போது ஓர் எண்ணாக மாறிவிட்டது. அவ்வெண்ணை மதுரையில் எழுதி வைத்தால் மான்செஸ்டரில் உள்ளவரும் படித்துணரலாம். இன்று எழுதி வைத்தால் நூறாண்டு கழித்துப் பிறப்பவரும் அறியலாம்.

இத்தகைய எண்ணுக்கு மதிப்புத் தருவது அதனைக் கண்டவரின் நேர்மையே. ஒருமுறை பார்த்து அமைதலாகாது. ஒத்த அளவுகள் கிடைக்கும்வரை மீண்டும் மீண்டும் பார்த்தல் வேண்டும். மாணவன் ஒருவன் முதன்முறை 13.4 என்றும், இரண்டாம் முறை 12.8 என்றும், மூன்றாம் முறை 12.8 என்றும் கண்டான் எனக் கொள்வோம். முதலாவது விரைந்து விட்டதால் எல்லை கடந்தது என்று அதனை ஒதுக்கி, மற்றை இரண்டையும் ஏற்கிறான். அப்போது அருகில் நிற்கும் தோழனின் ஏட்டில் 13.1 என்று இருப்பதைக் காண்கிறான். தோழன் வகுப்பில் முதல்வன். தன் எண்ணை அழித்துத் தோழனின் எண்ணை எழுதிவிடலாமா என்று கை தயங்குகிறது. அழித்து எழுதினால் ஆசிரியரும் அறியமாட்டார். ஆனால் அந்த எண் எந்தக் குடுவையிலும் நிகழாத ஒன்று. அவன் கண்ட உண்மை ஒன்று, எழுதிய பொய் மற்றொன்று. தோழனின் பியூரெட்டு முனையில் ஒரு காற்றுக் குமிழி நின்றிருந்தால், அவன் எழுதியது அக்குமிழியின் அளவாகும். ஐயம் தோன்றின் எண்ணை மாற்றுவது வழியன்று; நான்காம் முறை செய்து பார்ப்பதே வழி. ஆய்வுக்கூடம் மாணவனுக்கு அளிக்கும் பெருங்கல்வி இதுவேயாகும்.

இக்கல்வி தேர்வறையோடு முடிவதன்று. உவர்மண்ணைத் தேடிக் கண்மாய்க்கரை செல்வோர் இன்று அரியர். சோடாவும் சோப்பும் ஆலைகளிலிருந்து வருகின்றன. ஆயினும் காரத்தை அளக்கும் தேவை பெருகியிருக்கிறதேயன்றிக் குறையவில்லை. சாயப் பட்டறைகளிலிருந்து வெளியேறும் கழிவுநீர் பெரும்பாலும் காரத்தன்மை உடையது. அதனை முறிக்காமல் ஆற்றில் விட்டால் மீனும் பயிரும் மடியும். நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீரின் அமில காரக் குறியீடு 5.5க்குக் குறையாமலும் 9க்கு மிகாமலும் இருத்தல் வேண்டும் என்பது இந்திய அரசு வகுத்த பொதுவிதி. எத்தனை லிட்டர் கழிவுக்கு எத்தனை அமிலம் சேர்ப்பது என்பதைத் தரம்பார்த்தலே தெளிவாக்கும்.

சிற்றூர்க் கிணற்றுநீருக்கும் இச்சோதனை உண்டு. 50 மில்லிலிட்டர் கிணற்றுநீரை எடுத்து, மெத்தில் ஆரஞ்சு இட்டு, 0.02 நார்மல் அமிலத்தால் முறித்தால், செலவாகும் ஒவ்வொரு மில்லிலிட்டரும் லிட்டருக்கு 20 மில்லிகிராம் காரத்தன்மையைக் காட்டும். இதனைக் கால்சியம் கார்பனேட்டாகக் கணிப்பர். குடிநீரில் இது 200 மில்லிகிராமுக்குள் இருத்தல் விரும்பத்தக்கது என்றும், வேறு நீர் கிடையாவிடத்து 600 வரை ஏற்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வரையறுத்துள்ளது. பத்து மில்லிலிட்டரில் நிறம் மாறினால் கிணறு முதல் எல்லையில் நிற்கிறது. முப்பதைக் கடந்தும் மஞ்சள் மாறாதிருப்பின் அந்நீரைப்பற்றி ஊரார்க்கு எச்சரித்தல் கடமையாகும். அங்கே ஏட்டில் எண்ணைத் திருத்தி எழுதும் கை, ஒரு சிற்றூரின் குடத்திலேயே பிழையைக் கலப்பதாகும்.

துளி மிகச் சிறியது. இருபது துளி சேர்ந்தால்தான் ஏறக்குறைய ஒரு மில்லிலிட்டர் ஆகும். ஆயினும் மஞ்சளாக நின்ற நீரைச் செம்மஞ்சளாக மாற்றி, மறைந்து கிடந்த உண்மையை வெளிப்படுத்துவது கடைசியில் விழும் அந்த ஒரு துளியே. அதனைப் பொறுமையோடு காத்திருந்து கண்டு, கண்டவாறே எழுதி வைப்பவரை நம்பியே சாயத் தாழியும் கிணற்றுக் குடமும் இருக்கின்றன.